பல் கூச்சம்

அன்னக்கொடிக்கு வெட்கப்படவோ தயங்கவோ தணிந்து பேசவோ தெரியாது. பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்பவனை ஊர் கேட்டு, பேர் கேட்டு, அவனைப் பெற்றவளையும் கேட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்க வைத்துவிட்டுத்தான் தனக்கு டிக்கெட் வாங்குவார். வாயைப் பிளந்து சிரிப்பார். கரும்பைப் பல்லால் உரித்துத் தோலைத் தெருவில் துப்புவார். இப்படி ஒரு பெண்ணைப் பற்றித்தான், கூச்ச சுபாவம் உள்ளவர் என்று ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து எப்படி விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அவர் பிறந்தது பேரையூருக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமியில். எழுபதுகளின் நடுவில் மழை தொடர்ந்து பொய்த்தது. கிணற்றில் இறங்கி ஊற்றைத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் அள்ளிப் பார்த்தார்கள். அதற்கும் வழியில்லாமல் போனபோது கணவர் நல்லகாமனோடும், தாய் தகப்பன் இல்லாத தங்கை செல்லத்தாயோடும் மதுரைக்கு வந்தார். தங்கை அப்போது சிறு பிள்ளை. நல்லகாமனுக்குப் பழங்காநத்தத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலை கிடைத்தது. அன்னக்கொடிக்குக் கிடைத்தது எலும்புக் கம்பெனி.

வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால், அந்தக் காலத்தில் வயல்களுக்கு நடுவே அது இருந்தது. போர்டில் கெமிக்கல்ஸ் என்று எழுதியிருக்கும். ஊர் அதை எலும்புக் கம்பெனி என்றுதான் சொல்லும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் தெப்பக்குளத்துப் படிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள். செத்த மாடுகளின் எலும்பு லாரியில் வரும். அதை நொறுக்கி, கழுவி, அமிலத்தில் ஊறப்போடுவார்கள். எலும்பைக் கெட்டியாக வைத்திருப்பது கால்சியம் பாஸ்பேட். அது அமிலத்தில் கரைந்து இறங்கிவிடும். ரப்பர் போல வளைகிற மிச்சம், மாத்திரைக் கூடு செய்கிறவர்களுக்குப் போகும். கரைந்து வந்த தெளிவை இன்னொரு தொட்டிக்கு மாற்றிச் சுண்ணாம்புப் பாலை விட்டால் வெள்ளையாகப் படிகம் இறங்கும். வடித்துக் காயவைத்தால் மாவு.

அந்த மாவு பம்பாய்க்குப் போய், புதினா வாசனை ஏறி, பற்பசைக் குழாயில் அடைபட்டு உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வந்தது. விடிந்ததும் குளித்துச் சாமி கும்பிடுவதற்கு முன்னால், ஆசாரமான வாய்களெல்லாம் மாட்டெலும்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்துத் துப்பிக்கொண்டிருந்தன. அந்த எலும்பைக் கரைத்த பெண்களுக்கு வண்டியூர் டீக்கடையில் தனி கிளாஸ்.

அன்னக்கொடியை அந்த இரண்டாவது தொட்டியில் நிறுத்தினார்கள். ஒரு கையில் சுண்ணாம்புப் பால் மொண்டு விடும் செம்பு, இன்னொரு கையில் மரத் துடுப்பு. கிண்டிக்கொண்டே விட வேண்டும். கேட்க எளிய வேலைதான். ஆனால் அங்கே இறங்குகிற படிகம் ஒரே குணமுள்ளதல்ல. அளவாக, மெதுவாக, சூடு ஏறாமல் விட்டால் அது மெல்லிய தகடு தகடாக வரும். வெயிலில் மினுக்கும். தொட்டிக்காரப் பெண்கள் அதற்குக் காக்காப்பொன் என்று பேர் வைத்திருந்தார்கள். தொட்டி சூடாகிவிட்டால் தகடு வராது, நறநறவென்று கட்டியாக இறங்கும். அது மணல். சுண்ணாம்பு மிஞ்சிப்போனால் வடிதுணியில் தண்ணீரே இறங்காத கொழகொழப்பு. அது கூழ். பம்பாய்க்காரர்களுக்குக் காக்காப்பொன் மட்டும்தான் வேண்டும்.

கம்பெனிக் கெமிஸ்ட் சௌந்தரராஜன் எம்.எஸ்சி. படித்தவர். தெப்பக்குளத்துக்கு மேற்கே சௌராஷ்டிரத் தெருவில் வீடு. சைக்கிளில் வருவார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அன்னக்கொடியும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரே கூப்பிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னார்.

"என்னம்மா தெரியுது?"

"மீன் செதிலு மாதிரி இருக்கு சார்."

"அதான் தகடு. பல்லுல தேய்ச்சா வழுக்கிக்கிட்டுப் போகும். அழுக்கை எடுக்கும், பல்லைக் கீறாது. இப்ப இதைப் பாரு. சூட்டுல இறங்குனது. மூலை மூலையா இருக்கா? இது கீறிரும்."

"யாரு பல்லை?"

"பேஸ்ட் வாங்குறவங்க பல்லை."

"அவுக பல்லு அம்புட்டுப் பூஞ்சையா சார்?"

சௌந்தரராஜன் சிரித்துவிட்டார். படிகத்தின் வடிவம் என்பது அவருக்குத் தொழில் மட்டுமல்ல, பிரியமும் கூட. எந்தப் புளிப்பில், எந்தச் சூட்டில், எவ்வளவு மெதுவாக விட்டால் தகடு எவ்வளவு பெரிதாகும், முந்தைய தொட்டியின் தகட்டில் ஒரு பிடி போட்டுத் தொடங்கினால் ஏன் எல்லாம் ஒரே அளவில் வருகிறது என்றெல்லாம் நாளெல்லாம் பேசுவார். அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சூடு கிளம்பும், மதுரை வெயில் அதற்கு மேல் ஏறும், ஆகவே தொட்டிக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற வளையக் குழாய் ஒன்று வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். முதலாளியிடம் அதைச் சொல்லியும் பார்த்தார்.

"காத்து சும்மாதானே வருது சார்? மூடியைக் கழட்டிவைங்க" என்றார் முதலாளி.

மூடியைக் கழற்றி வைத்தார்கள். தொட்டியின் விளிம்பில் பெண்கள் நின்று துடுப்புப் போட்டார்கள். காற்று வந்து தொட்டியைக் குளிர்வித்தது, அமிலப் புகையைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முகத்தில் அடித்தது. தகடு நன்றாக வந்தது.

சுண்ணாம்பை எங்கே நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. புளிப்பைக் காட்டும் தாள் உண்டு. நனைத்தால் நிறம் மாறும். கம்பெனியில் அது எப்போது கேட்டாலும் தீர்ந்துபோயிருக்கும். மேஸ்திரி தவசி வேறு வழி சொல்லிக் கொடுத்தார். அவரும் ஒரு காலத்தில் தொட்டியில் நின்றவர்தான். இப்போது செட் பல் கட்டியிருந்தார். பேசும்போது அது கடகடவென்று ஆடும்.

"விரல் நுனியில தொட்டு முன்பல்லுல வையி. கூசுதா, சுண்ணாம்பு விடு. இன்னுங் கூசுதா, இன்னும் விடு. கூச்சம் விட்டுச்சுன்னா நிறுத்திப்புடு. அம்புட்டுத்தேன்."

புளியங்காயைக் கடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூச்சம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பல்லுக்குள் ஒரு கம்பியை இழுத்தது போல் இருக்கும், வாய் தானாக மூடிக்கொள்ளும். அன்னக்கொடிக்கு நல்ல பல். கூச்சம் விடுகிற இடத்தை அவர் சரியாகப் பிடித்தார். சௌந்தரராஜன் முதலில் முகத்தைச் சுளித்தார், வேண்டாமம்மா என்று ஒன்றிரண்டு முறை சொன்னார். அன்னக்கொடியின் தொட்டியில் காக்காப்பொன் தவறாமல் இறங்குவதைப் பார்த்த பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.

எலும்பும் கால்சியம் பாஸ்பேட், பல்லும் கால்சியம் பாஸ்பேட். முதல் தொட்டியில் மாட்டெலும்பைக் கரைத்த அதே அமிலம், இரண்டாவது தொட்டியின் விளிம்பில் நின்ற பெண்களின் வாயிலும் அதே வேலையைச் செய்தது. அமிலத்துக்கு மாடு, மனுஷி என்ற பேதம் கிடையாது. அந்த மட்டில் அது நம்மைவிட நேர்மையானது.

முதலில் முன்பற்களின் பளபளப்புப் போனது. பிறகு ஓரம் கண்ணாடி போலாகி, உள்ளே நாக்கின் சிவப்புத் தெரிந்தது. பிறகு குட்டையாகத் தொடங்கியது. ஒரு தீபாவளிக்கு முறுக்கைக் கடித்தபோது ஒரு மூலை உதிர்ந்தது.

"உம் பல்லுக்குப் பயந்துக்கிட்டே காலத்தை ஓட்டினேன்" என்றார் நல்லகாமன். "இனிமே கடிக்க மாட்டே."

"ஈறு இருக்குய்யா. பக்கத்துல வந்து பாரு."

அப்படிச் சொன்னாலும், அந்த வருஷத்திலிருந்துதான் அவர் சிரிக்கும்போது முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகத் தொடங்கினார்.

தெருவில் காரணம் தயாராக இருந்தது. கோமாதா எலும்பைத் தொட்டால் பல் கொட்டாமல் என்ன செய்யும் என்றார்கள். சாபமாம். எலும்புக் கிடங்கில் நாள் முழுக்க வெறுங்கையால் எலும்பு வாரிக் கொட்டுகிற பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பல் நன்றாகவே இருந்தது. தொட்டியில் நின்றவர்களுக்கு மட்டும்தான் போனது. இதைப் பார்க்கப் படிப்புத் தேவையில்லை, தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். முதலாளிக்கும் முப்பத்திரண்டு பல்லும் இருந்தது. அந்த எலும்பில் கட்டிய வீட்டின் விலாசம் கோமாதாவுக்குத் தெரியவில்லை போலும்.

சாபத்தை நம்பாத படித்தவர் ஒருவரும் இருந்தார். கம்பெனிக்கு வந்துபோகும் டாக்டர்.

"என்னம்மா?"

"கூச்சமா இருக்குங்க. பச்சத்தண்ணி குடிச்சாக்கூட."

"வெத்தலை போடுவியா?"

"போடுவேன்."

"அதான். விட்டுரு."

வெற்றிலை போடுகிறவர் அதைக் கடைவாயில் அடக்குவார். அன்னக்கொடியின் கடைவாய்ப் பற்கள் அரைபடாமல் அப்படியே இருந்தன. உதடு திறக்கும் இடத்தில், புகை நேராக அடிக்கும் இடத்தில், விரல் நுனி தொடும் இடத்தில் மட்டும் பல் தேய்ந்திருந்தது. வாயைத் திறக்கச் சொல்லியிருந்தால் டாக்டருக்கும் தெரிந்திருக்கும்.

எண்பதுகள் தொடங்கிய சமயம், ஒரு கோடையில் அன்னக்கொடியின் தொட்டி கூழாகிப் போனது. அடுத்த தொட்டியும் அப்படியே. வடிதுணியில் சளி போல நின்ற சரக்கைப் பார்த்துத் தவசி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"கூச்சம் விட்டதும் நிறுத்தணும்னு உனக்குப் புதுசாச் சொல்லணுமா?"

"விட்டாத்தானேண்ணே நிறுத்த? விடவே மாட்டேங்குது. பச்சத்தண்ணிக்கே கூசுற பல்ல வச்சுக்கிட்டு எங்கிட்டு நிறுத்த?"

மேல்பூச்சு முழுக்கத் தேய்ந்து உள்பல் வெளியே வந்துவிட்டது. அதற்கு அமிலமும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். கூச்சம் நிற்கும் நிற்கும் என்று அவர் சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கம்பெனி இத்தனை வருஷம் இனாமாகப் பயன்படுத்திய கருவி பழுதாகிவிட்டது. பழுதான கருவியைக் கழற்றி எலும்புக் கிடங்குக்கு அனுப்பினார்கள். தொட்டிக்குப் புதுக் கருவி தேவைப்பட்டது.

மறுவாரமே தவசி வீட்டு வாசலில் வந்து நின்றார். செல்லத்தாய் அப்போது கலியாண வயசுப் பெண். தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தவளிடம் சொன்னார்:

"ஏ புள்ள, வாயத் தொற."

செல்லத்தாய் புரியாமல் சிரித்தாள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. வரிசையாக, வெள்ளையாக, ஒன்றுகூட விடாமல் இருந்தன.

அன்னக்கொடி உள்ளேயிருந்து வந்தார். "என்னண்ணே, சந்தையில மாடு புடிக்க வந்தியளா? பல்லப் புடிச்சுப் பாக்குறீக?"

"கோவிச்சுக்கிறாத. நல்ல பல்லா இருந்தாத்தேன் கூச்சம் சரியாத் தெரியும். உன் தங்கச்சின்னாக்க வேலையும் சுருக்காப் படிச்சுக்கிரும்."

"எம் பல்லத் தின்னது பத்தலையா?"

தவசி செட் பல்லைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "நானும் இங்கிட்டுத்தேன் விட்டேன் ஆத்தா. யாருகிட்டப் போயி கேக்க? முதலாளிகிட்ட, அடுத்த மாசத்துலருந்து வருவான்னு சொல்லிட்டேன்."

அன்னக்கொடி யாரிடம் கேட்பது என்று யோசிக்கவில்லை, கேட்கப் போய்விட்டார். கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் உட்கார்ந்தார். மனுவில் நஷ்ட ஈடு எதுவும் கேட்கவில்லை. எழுதுகிறவர் கேட்கச் சொல்லியும் வேண்டாம் என்றார். தொட்டிக்கு மூடி போட வேண்டும், தண்ணீர்க் குழாய் வைக்க வேண்டும், நிறம் மாறுகிற தாள் தீராமல் வேண்டும், பல்லில் வைத்துப் பார்க்கச் சொல்லக் கூடாது. அதற்குள் தன் தங்கையைத் தொட்டியில் நிறுத்தக் கூடாது. தவசி சொன்ன மாதம் வந்தபோது, முடிவு தெரியட்டும் என்று தங்கையை அனுப்பாமல் வைத்துக்கொண்டார். மனு எங்கெங்கோ சுற்றி, விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது.

முதல் நாள் சாயங்காலம் கம்பெனி வாசலில் சௌந்தரராஜனின் சைக்கிளை மறித்தார்.

"சார், நாளைக்கு வாரீகளா?"

"கம்பெனி சார்பா வரச் சொல்லியிருக்காங்கம்மா."

"குழாய் வேணும்னு முதலாளிகிட்ட நீங்களே கேட்டது எனக்குத் தெரியும். அதை அங்க சொல்லுவீகளா?"

"கேட்டா சொல்றேன்."

"கேக்காட்டி?"

அவர் பெடலைப் பார்த்தார். "கேப்பாங்க" என்றார்.

விசாரணை அதிகாரி வேறு மாநிலத்துக்காரர். உட்காருங்கள், சொல்லுங்கள், வணக்கம் என்கிற அளவுக்குத் தமிழ் படித்து வைத்திருந்தார். பதிவெல்லாம் ஆங்கிலத்தில். கம்பெனி வக்கீல் மரியாதையானவர். அந்தப் பெண் சொல்வதை ஐயாவுக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்று தானாக முன்வந்தார், அதிகாரியும் நன்றி சொன்னார். ஓநாயிடம் ஆட்டுக்காகப் பேசச் சொல்லி நன்றியும் சொல்கிற நாகரிகம் நம் அலுவலகங்களில்தான் உண்டு.

"தொட்டி வேலையில உனக்கு என்னம்மா பண்ணுச்சு? ஐயாகிட்டச் சொல்லு" என்றார் வக்கீல்.

"கூச்சங்க."

"கூச்சம். வேற?"

"வேறென்ன. கூச்சந்தேன். நாளெல்லாம் கூச்சம். டாக்டருகிட்டயும் அதத்தேன் சொன்னேன்."

"வலி ஏதாவது?"

"ஆரம்பத்துல வலியெல்லாம் இல்லீங்க. கூச்சந்தேன்."

"இப்ப?"

"இப்ப நாலு பேரு முன்னால வாயத் தொறந்து பேசவே கூச்சமா இருக்கு." இதைச் சொல்லும்போது அவர் கை பழக்கத்தில் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனது.

வக்கீல் அதிகாரி பக்கம் திரும்பினார். ஆரம்பத்தில் வலி எதுவும் இல்லை என்று இவரே ஒப்புக்கொள்கிறார், தனக்கு இருந்ததெல்லாம் ஷைனஸ் என்கிறார், டாக்டரிடமும் அதைத்தான் சொன்னாராம், இப்போதும் ஷைதான் என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அகராதியைப் பிரித்தால் கூச்சத்துக்கு எதிரே வெட்கம் என்கிற அந்த அர்த்தமும் இருக்கும். அதிகாரி அன்னக்கொடியைப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒரு கிராமத்துப் பெண். கேட்டதும் கண்டதும் பொருந்திவிட்டன. அனுதாபத்தோடு தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"என்ன எழுதுறாக?" என்று கேட்டார் அன்னக்கொடி.

"நீ சொன்னதைத்தாம்மா" என்றார் பக்கத்தில் நின்ற குமாஸ்தா.

பின்வரிசையில் சௌந்தரராஜன் உட்கார்ந்திருந்தார். தொட்டியடியில் கூச்சம் என்றால் என்ன என்று அந்த அறையில் அன்னக்கொடியை விட்டால் அவருக்குத்தான் தெரியும். ஷை என்றால் என்ன என்றும் தெரியும். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், ஆய்வகத்தில் ஆங்கிலம் பேசுகிற மனிதர். அன்று எந்தப் பாஷையிலும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. கேட்காமல் பார்த்துக்கொண்டது வக்கீலின் கெட்டிக்காரத்தனம்.

உத்தரவு தபாலில் வந்தது. மரத்தடிக்காரர் படித்து அர்த்தம் சொன்னார். மனுதாரருக்குக் கூச்ச சுபாவம் என்பது அவர் வாக்குமூலத்தாலேயே விளங்குகிறது, அதற்கும் தொழிற்சாலை வேலைக்கும் சம்பந்தமில்லை, மூடி, குழாய் முதலியவற்றுக்கு முகாந்திரம் இல்லை.

"யாருக்குக் கூச்ச சுபாவம்?"

"உனக்குத்தான்."

"எனக்கா?"

மரத்தடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்னக்கொடி அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொன்ன வார்த்தை தன்னுடையதுதான். அதைச் சொல்லித் தன்னையே எப்படித் தோற்கடித்தார்கள் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. மரத்தடிக்காரர் இரண்டு அர்த்தத்தையும் எடுத்துச் சொன்ன பிறகு, நேராகத் தெப்பக்குளத்துக்குப் போய் சைக்கிள் வரும் வழியில் நின்றார்.

"சார், கூச்சம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

சௌந்தரராஜன் இறங்கினார். "தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்னைக் கேக்கலையேம்மா."

"ஆசிட்டு என்னையக் கேட்டுக்கிட்டா சார் தின்னுச்சு?"

அவர் குரல் இறங்கியது. "எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கும்மா."

"அதுகளுக்குப் பல்லு இருக்கா சார்?"

அவர் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

வீட்டில் செல்லத்தாய் வேலைக்குப் போவதாகத் தானே சொன்னாள். அன்னக்கொடி கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"போகக் கூடாதுன்னா போகக் கூடாது."

"போகாம? ஊருக்குப் போயி களை எடுக்கவா? அங்க எங்க மழை பேஞ்சுச்சு?"

"வேற வேலை பாக்கலாம்டி."

"எம்புட்டுக் காலமாத் தேடுறோம். உன்னைய எலும்பு அள்ள விட்டுட்டு நான் உக்காந்து திங்கணுமா? சித்த நாளு பாக்குறேன்க்கா. கூசுச்சுன்னா நின்னுக்கிறேன்."

"கூசுறப்ப நிக்க விட மாட்டான். கூசுறதுதான்டி அங்க வேலையே."

நல்லகாமன் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துப் பாதி நாள் படுத்திருந்தார். அடுத்த மாதம் செல்லத்தாய் தொட்டியில் நின்றாள். வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அன்னக்கொடி அனுப்பினார். துணி கட்டினால் பல்லில் எப்படி வைத்துப் பார்ப்பாய் என்று தவசி அவிழ்க்கச் சொன்னார். எலும்புக் கிடங்கிலிருந்து பார்த்தால் தொட்டி தெரியும். தங்கை விரலைத் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோவதை அக்காள் எலும்பு வாரியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பனிக்காலத்தில் தகடு நன்றாக வந்தது. அந்த வருஷக் கோடையில் என்றுமில்லாமல் காற்றே கொதித்தது. மூடியில்லாத தொட்டியும் சூடேறித் தகட்டோடு மணலும் கலந்து இறங்கியது. கண்ணுக்கு வெள்ளையாகத்தான் இருந்தது, மூட்டை பம்பாய்க்குப் போய்விட்டது. அங்கே அந்த மாவில் செய்த பற்பசை, குழாயைப் பிதுக்கினாலும் வராமல் உள்ளேயே இறுகிக் கல்லாகிவிட்டதாம். வாங்குகிறவர்கள் ஒரு நிபுணரை அனுப்பினார்கள். அவர் விமானத்தில் வந்து, ஏசி அறையில் தங்கி, சௌந்தரராஜனின் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். ஒரே ஒரு பார்வை. தொட்டிக்குள் குளிர்நீர்க் குழாய் வேண்டும், புளிப்பை அளக்க மீட்டர் வேண்டும், எலும்புத் தூசி பறந்து வந்து சரக்கில் விழுகிறது, ஆகவே மூடி வேண்டும். இல்லாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம்.

சௌந்தரராஜன் பல வருஷம் முன்பே கேட்டதும், அன்னக்கொடி மனுவில் கேட்டதும் அதுவேதான். குழாய் அந்த மாதமே வந்தது. மூடி வந்தது. மீட்டர் வந்தது. ஒரு நல்ல நாள் பார்த்து மீட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தொட்டியின் நாலு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். முதலாளி கும்பிட்டபடி கண்ணை மூடி நின்றார். மாட்டெலும்புப் பாஸ்பேட் தகடு தகடாக இறங்க வேண்டும் என்று அவர் எந்தத் தெய்வத்தை வேண்டிக்கொண்டாரோ தெரியாது. எலும்புக் கிடங்குக்காரர்களை அன்று அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், ஐயர் வருகிறார் என்று.

வேலை விட்டதும் செல்லத்தாய் ஓடி வந்தாள். கையில் பொங்கல் தொன்னை.

"யக்கா, நாளையிலருந்து பல்லுல வைக்க வேணாமாம். மூடியப் போட்டுட்டாக. புகை ஒரு சொட்டு வரல. குச்சி மாதிரி ஒண்ண உள்ள விட்டா நம்பரு காட்டுது."

"யாரு சொன்னது வேணாம்னு?"

"பம்பாய்க்காரரு."

"என் பல்லப் பத்தி யாரும் சொன்னாகளா அவுககிட்ட?"

"இல்லக்கா. அவுக பொடியத்தேன் பாத்தாக. பூதக்கண்ணாடியில."

அன்னக்கொடி தொன்னையை வாங்கிக் கீழே வைத்தார். தங்கையின் தாடையைப் பிடித்து மேற்கே, வெயில் விழும் பக்கம் திருப்பினார்.

"தொற."

செல்லத்தாய் வாயைத் திறந்தாள். முன்பல் இரண்டின் ஓரமும் கண்ணாடியாகியிருந்தது. அதன் வழியே வெயில் உள்ளே போனது. மேலே கொஞ்சம் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. பல்லின் மேல்பூச்சு போனால் போனதுதான், மறுபடி வளராது. அது அன்னக்கொடிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"கூசுதா?"

"லேசா. புளிக்குழம்புக்கு மட்டும்."

"சரி. வாய மூடு" என்றார் அன்னக்கொடி. "இதோட நிக்கும்."